எட்டுக் குழந்தைகளின் கணக்கு

அரக்கோணம்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள தம்பி,

பாப்பா ராத்திரியெல்லாம் விழித்திருந்து பகலில் தூங்குகிறாள் என்று அம்மா சொன்னாள். நீயும் அப்படித்தான் இருந்தாய் என்று மல்லிகாவிடம் சொல், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

உன் சகலை அனுப்பினார் என்று நீ எனக்குத் தள்ளிவிட்ட வாட்ஸப் செய்தியைப் படித்தேன். வேலூரில் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்தைச் சோதித்தார்கள், மருந்து கொடுத்ததில் 6 குழந்தைகளுக்குக் குடல் செருகல் (குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்வது) வந்தது, கொடுக்காததில் 2 பேருக்குத்தான், ஆகவே மூன்று மடங்கு ஆபத்து, அதை மறைத்துவிட்டார்கள் என்கிறது. ‘நீதான் புள்ளியியல் நடத்துகிறாயே அக்கா, நிஜமா பொய்யா, ஒரே வார்த்தையில் சொல்’ என்று கேட்டிருக்கிறாய். ஒரே வார்த்தையில் வராதுடா. போனில் ஆரம்பித்தால் பாதியில் பாப்பா அழும், நீ ஓடிவிடுவாய். எழுதிவிட்டால் மல்லிகாவும் படிப்பாள். பாப்பாவுக்கு மருந்து கொடுப்பதா என்று முடிவெடுக்கப் போகிறவள் அவள்தானே.

முதலில் ஒன்று. அந்த 6, 2 என்ற எண்கள் பொய்யில்லை. பாரத் பயோடெக்கின் ரோட்டாவாக் மருந்தைச் சோதிக்க 2011, 2012 ஆண்டுகளில் தில்லி, புனே, வேலூர் என்று மூன்று இடங்களில் குழந்தைகளைச் சேர்த்தார்கள். வேலூரில் அதை நடத்தியது சி.எம்.சி. மருத்துவமனை. ஆறேழு வாரக் குழந்தைகள், மொத்தம் 6,799 பேர். எந்தக் குழந்தைக்கு மருந்து, எந்தக் குழந்தைக்கு மருந்தில்லாத வெறும் சொட்டு என்பதைக் குலுக்கல்போல முடிவு செய்தார்கள். பெற்றோருக்கும் தெரியாது, சொட்டு விட்டவர்களுக்கும் தெரியாது. முடிவு 2014இல் லான்செட் இதழில் வந்தது. இந்த 6, 2 இரண்டும் கட்டுரையின் முதல் பக்கச் சுருக்கத்திலேயே இருக்கின்றன. முதல் பக்கத்தில் அச்சடித்ததை மறைத்தார்கள் என்று எப்படிச் சொல்வது?

உன் சகலைக்கு வந்த செய்தி விட்டுவிட்ட விஷயம் வேறு. இரண்டு பக்கமும் சம அளவில் குழந்தைகள் இல்லை. மருந்து 4,532 பேருக்கு, வெறும் சொட்டு 2,267 பேருக்கு. ஒன்றுக்கு இரண்டு. அப்படியானால் மருந்துக்கும் குடல் செருகலுக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும் மருந்துப் பக்கம் இரண்டு மடங்கு பேர் வரத்தான் வேண்டும். 6க்கு 2 என்பதை ஆள்கணக்கில் வகுத்துப் பார்த்தால் மூன்று மடங்கு இல்லை, ஒன்றரை மடங்கு.

ஒன்றரையும் கூடுதல்தானே என்பாய். சரி, லூடோ பகடையை எடு. 1 முதல் 4 வரை விழுந்தால் மருந்துப் பக்கம், 5 அல்லது 6 விழுந்தால் வெறும் சொட்டுப் பக்கம் என்று வைத்துக்கொள். நோய் வந்தது எட்டுக் குழந்தைகளுக்கு, எட்டு முறை உருட்டு. மருந்துக்கு எந்தக் குற்றமும் இல்லாத உலகம் அதுதான், பகடை மட்டும்தான் பிரிக்கிறது. அந்த உலகத்தில் எட்டில் ஆறோ அதற்கு மேலோ மருந்துப் பக்கம் விழுவது எத்தனை தடவை நடக்கும்? நூற்றுக்குச் சுமார் 47 தடவை. ஏறக்குறையப் பாதி. வெறும் பகடையே பாதித் தடவை செய்துகாட்டும் ஒன்றை வைத்துக்கொண்டு மருந்தின் மேல் பழி போட முடியாது.

இந்த 47 என்ற எண்ணை ‘மருந்து நிரபராதியாக இருக்க 47 சதவீத வாய்ப்பு’ என்று மட்டும் படித்துவிடாதே. பரீட்சைப் பேப்பரில் வருஷா வருஷம் இதைத்தான் எழுதித் தள்ளுகிறார்கள், நானும் சிவப்பு மை தீர அடித்துக்கொண்டிருக்கிறேன். மருந்து நிரபராதி என்று முதலிலேயே வைத்துக்கொண்டு, அப்படியானால் இந்த மாதிரி எண்ணிக்கை எவ்வளவு சகஜம் என்று கேட்டதற்கு வந்த பதில் அது. மருந்து நிரபராதியா என்ற கேள்வியை நாம் இன்னும் கேட்கவே இல்லை.

வகுப்பில் இந்த மாதிரி இரண்டுக்கு இரண்டு கட்டத்தைக் கண்டால் பிள்ளைகள் உடனே கை-வர்க்கச் சோதனையைப் போட்டுவிடுவார்கள். கார்ல் பியர்சன் 1900இல் கொடுத்துவிட்டுப் போன சூத்திரம், நல்ல சூத்திரம்தான். ஆனால் ஒரு கட்டத்தில் வர வேண்டிய எண்ணிக்கை ஐந்துக்குக் கீழே போனால் அதை நம்பக்கூடாது என்று பாடப் புத்தகமே சொல்லும். இங்கே வெறும் சொட்டுப் பக்கம் வர வேண்டியது இரண்டேமுக்கால்கூட இல்லை. அதனால்தான் சூத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பகடையை எடுத்தேன். ஃபிஷரின் துல்லியச் சோதனை என்று பெரிய பெயரில் நடத்துவதும் கிட்டத்தட்ட இந்தப் பகடை எண்ணிக்கைதான்.

இப்போது நீ, ‘அப்போ ஆபத்து இல்லை என்று நிரூபித்தாயிற்று, சகலை வாயை அடைத்துவிடலாம்’ என்று கிளம்புவாய். நில். எனக்கு எழுதத் தோன்றியதே இதற்காகத்தான்.

அந்த எட்டையும் இன்னொரு பக்கமிருந்து பார். எட்டும், ஒன்றுவிடாமல், மருந்துப் பக்கமே விழுந்திருந்தால்? குற்றமில்லாத பகடையில் அது நூற்றுக்கு நாலு தடவை நடக்கும். எல்லாரும் வழக்கமாகப் போட்டுவைத்திருக்கும் ஐந்து சதவீதக் கோட்டை அப்போதுதான், மயிரிழையில் தாண்டும். ஏழுக்கு ஒன்று என்று வந்திருந்தால்கூட ‘குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை’ என்றுதான் எழுதியிருப்பார்கள். மருந்தில் நிஜமாகவே கோளாறு இருந்திருந்தாலும் இந்தச் சோதனை அதைக் கண்டுபிடிப்பது குதிரைக்கொம்பு. ஒன்றரை மடங்கு என்றேனே, அதற்கு 95 சதவீத இடைவெளியைக் கையால் போட்டுப் பார்த்தேன். கால் மடங்கிலிருந்து பதினைந்து மடங்கு வரை போகிறது. அதாவது இந்த எட்டுக் குழந்தைகளை வைத்து ‘மருந்து குடல் செருகலை நாலில் ஒன்றாகக் குறைக்கிறது’ என்றும் சொல்லலாம், ‘பதினைந்து மடங்கு கூட்டுகிறது’ என்றும் சொல்லலாம், எண்கள் எதையும் மறுக்காது. உன் சகலை ஆபத்து இருக்கிறது என்கிறார், நீ இல்லை என்கிறாய். இரண்டு பேருமே அந்த எட்டுப் பேர் சொல்லாததைச் சொல்கிறீர்கள்.

உனக்கு இது புதுசில்லை. உன் ஷூ கம்பெனியில் 1,200 ஜோடி லாட்டில் 80 ஜோடியை எடுத்து ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறாய். தையல் விட்டது, சோல் பசை பிடிக்காதது, நிறம் ஒட்டாதது எல்லாம் அந்த எண்பதிலேயே தெரிந்துவிடும், ஏனென்றால் அவை அடிக்கடி வருபவை. எண்பதில் ஒன்றுகூட ரிஜெக்ட் இல்லை என்றாலும் லாட்டில் நூற்றுக்கு மூன்றோ நாலோ இருக்க இடமுண்டு. மூன்றை எண்பதால் வகுத்தால் அந்த உச்ச வரம்பு கிடைத்துவிடும், இதை உன் சூப்பர்வைசரிடம் சொல்லிப் பெயர் வாங்கிக்கொள். ஆனால் அப்பருக்குள் உடைந்து கிடக்கும் ஊசி முனையைச் சாம்பிள் எடுத்தா தேடுகிறீர்கள்? ஆயிரத்தில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று வருகிற கோளாறை எண்பது ஜோடியில் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று கையெழுத்துப் போட எந்த பையரும் விடமாட்டான். அதனால்தான் ஒவ்வொரு ஜோடியும் நீடில் டிடெக்டருக்குள் போய்வருகிறது.

குடல் செருகல் அந்த ஊசி முனை ரகம். இந்தப் பயம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவில் ரோட்டாஷீல்ட் என்று முதல் ரோட்டா மருந்து 1998இல் அனுமதி பெற்றது. மறுவருஷமே திரும்பப் பெற்றார்கள். சுமார் பத்தாயிரம் குழந்தைகளுக்கு ஒன்று என்ற கணக்கில் கூடுதலாகக் குடல் செருகல் வந்தது, அதுவும் பெரும்பாலும் முதல் டோஸ் கொடுத்த மூன்றாம் நாளிலிருந்து பதினாலாம் நாளுக்குள். பத்தாயிரத்துக்கு ஒன்று என்றால் நம் சோதனையில் மருந்து பெற்ற 4,532 பேரில் எத்தனை கூடுதலாக வந்திருக்க வேண்டும்? அரைக் குழந்தை. அரைக் குழந்தையை யார் எண்ணுவது? அதனால்தான் அதற்குப் பிறகு வந்த இரண்டு வெளிநாட்டு மருந்துகளையும் தலைக்கு அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்தபின் 2006இல் முடிவை வெளியிட்டார்கள்.

‘இல்லை’ என்று சொல்லவும் பலம் வேண்டும் என்பதற்கு நம் ரயில் பாதையிலேயே சாட்சி இருக்கிறது. அரக்கோணத்தில் ஏறினால் சென்னைக்குப் போகிற வழியில் திருவள்ளூர். 1968இல் அந்தச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதிக்க ஆரம்பித்தார்கள், செங்கல்பட்டுச் சோதனை என்று உலகம் முழுக்கப் பெயர். ஏறக்குறைய மூன்றரை லட்சம் ஜனங்கள். ஏழரை வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தால் பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. அந்த முடிவு யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஊசி போட்டவர், போடாதவர் இரண்டு பக்கமும் அத்தனை நோயாளிகள் சேர்ந்திருந்தார்கள், நல்ல பலன் இருந்திருந்தால் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. அந்த ‘இல்லை’ சம்பாதித்த ‘இல்லை’. நம் எட்டுப் பேர் சொல்லும் ‘வித்தியாசம் தெரியவில்லை’ அதற்குப் பக்கத்தில்கூட நிற்காது. (உடனே பாப்பாவுக்குப் போட்ட பி.சி.ஜி. வீணா என்று மல்லிகா கேட்பாள். வீணில்லை. சின்னக் குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலாக வரும் காசநோயிலிருந்து அது காக்கிறது, அதற்காகத்தான் இன்றும் போடுகிறார்கள்.)

எட்டுப் பேரைப் பற்றி இன்னொரு விவரமும் உண்டு, எண்ணிக்கையைவிட எனக்கு அதுதான் கனமாகப் படுகிறது. எட்டும் மூன்றாவது டோஸுக்குப் பிறகு வந்தவை. குழந்தைகளை இரண்டு வயது வரை பார்த்தபோது மருந்துப் பக்கம் எட்டு, வெறும் சொட்டுப் பக்கம் மூன்று என்று ஆயிற்று, பகடைக் கணக்கு அப்போதும் அதே 47தான். ஆனால் மருந்து பெற்றவர்களில் டோஸுக்கு மிக நெருக்கத்தில் வந்த குடல் செருகலே மூன்றாவது டோஸிலிருந்து 112 நாள் தள்ளி. ரோட்டாஷீல்ட் கதையில் அது இரண்டு வாரத்துக்குள் வந்தது. மூன்றாவது டோஸ் முடிவது மூன்றரை மாதத்தில். மருந்தே இல்லாத குழந்தைகளுக்கும் குடல் செருகல் அதிகமாக வருவது அதை அடுத்த மாதங்களில்தான். எத்தனை பேர் என்று மட்டும் எண்ணும் கட்டத்துக்கு எப்போது என்பது தெரியாது.

சரி, நன்மைப் பக்கத்தை நீ கேட்கவே இல்லை, உன் சகலையின் செய்தியிலும் அது இல்லை. அதே சோதனை, அதே குழந்தைகள், இரண்டுக்கு ஒன்று என்ற அதே பங்கீடு. ரோட்டா கிருமியால் கடுமையான வயிற்றுப்போக்கு மருந்துப் பக்கம் 71, வெறும் சொட்டுப் பக்கம் 76. மொத்தம் 147. மருந்து உதவாக்கரை என்றால் வெறும் சொட்டுப் பக்கம் மூன்றில் ஒரு பங்கு, 49தான் வந்திருக்க வேண்டும். வந்தது 76. பகடையை 147 தடவை உருட்டினால் 49லிருந்து ஆறு கூடும், ஆறு குறையும், அவ்வளவுதான் சாதாரண ஆட்டம். இங்கே 27 தாண்டியிருக்கிறது. கட்டங்கள் பெரிசு என்பதால் இங்கே பியர்சன் சூத்திரத்தைத் தாராளமாகப் போடலாம். 3.84ஐத் தாண்டினாலே போதும் என்கிற இடத்தில் 22 வருகிறது. கட்டுரையில் பலனை 53.6 சதவீதம் என்று போட்டு, அதற்கு இடைவெளியாக 35 முதல் 67 வரை கொடுத்திருக்கிறார்கள். பாதிக்குப் பாதி தடுக்கும் மருந்து, முழுக்கத் தடுப்பதில்லை. சுமார் 58 குழந்தைகளுக்குக் கொடுத்தால் வருஷத்துக்கு ஒரு குழந்தை கடுமையான நோயிலிருந்து தப்புகிறது என்று வகுத்துப் பார்த்துக்கொண்டேன். ஒரே நோட்டுப் புத்தகத்தில் எழுதிய இரண்டு கணக்குகள்தான் இவை. 147 நிகழ்வுகள் இருந்ததால் நன்மையைப் பற்றி உறுதியாகப் பேச முடிந்தது, எட்டே இருந்ததால் தீமையைப் பற்றி முடியவில்லை. ‘பெரிய ஆய்வு, 6,799 பேர்’ என்று சொல்வதில் பிரயோஜனமில்லை. எந்தக் கேள்விக்குப் பெரிசு என்று கேட்க வேண்டும்.

அதே சோதனையில் இறந்த குழந்தைகள் 25க்கு 17 என்று இன்னொரு செய்தி அடுத்த வாரம் வரலாம், அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 42ஐ இரண்டுக்கு ஒன்றாகப் பிரித்தால் 28க்கு 14. மருந்துப் பக்கம் வர வேண்டியதைவிடக் குறைவு, அவ்வளவுதான். எந்தச் சாவுக்கும் மருந்து காரணம் என்று அவர்கள் கருதவில்லை.

‘மறைத்தார்கள்’ என்பதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வேலூர் மையத்தின் எண்களை மட்டும் தனியாகத் தரச் சொல்லி சிலர் நீதிமன்றம் வரை போனார்கள். மூன்று மையத்தையும் சேர்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும், ஒவ்வொன்றிலும் எண்ணிக்கை மிகச் சிறிது என்பது மறுபக்கத்து வாதம். புள்ளியியலாக அந்த வாதம் சரி. எட்டையே உடைத்து மூன்றாக்கினால் கையில் என்ன மிஞ்சும்? இன்னொன்றும் உண்டு. வயிறு வலித்து அழும் ஒவ்வொரு குழந்தைக்கும் உடனே ஸ்கேன் எடுக்கும் ஊரில் அதிகமாகத்தான் அகப்படும், தானே சரியாகிவிடும் சின்னச் செருகல்கூட. அதனால் வேலூரை தில்லியோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. வேலூரில் மருந்து பெற்றவரை வேலூரிலேயே வெறும் சொட்டு பெற்றவரோடுதான் ஒப்பிட வேண்டும். இத்தனையும் சரி, இருந்தாலும் கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி. நம் ஊர்க் குழந்தைகளை வைத்து எடுத்த எண்கள். சின்ன எண்களை ஜனங்கள் தப்பாகப் படிப்பார்கள் என்று பூட்டி வைத்தால், வாட்ஸப்காரன் இன்னும் தப்பாக எழுதி வைப்பான்.

பிறகு நடந்ததுதான் உன் நீடில் டிடெக்டர். 2016இல் நாலு மாநிலங்களில் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இந்த மருந்தைச் சேர்த்தார்கள், நம் தமிழ்நாட்டில் 2017இல். அந்த 2016இலிருந்து 2019 வரை 27 மருத்துவமனைகளில் குடல் செருகலோடு வந்த குழந்தைகளையெல்லாம் பதிவு செய்தார்கள், 970 பேர். அதில் தடுப்பூசி விவரம் உறுதியாகக் கிடைத்த 589 பேரை எடுத்துக்கொண்டு வேறொரு கேள்வி கேட்டார்கள். மருந்து பெற்றவரையும் பெறாதவரையும் ஒப்பிடவில்லை. நோய் வந்த அதே குழந்தையின் நாட்களை இரண்டாகப் பிரித்தார்கள், டோஸுக்குப் பின் வரும் மூன்று வாரம் ஒரு பக்கம், மற்ற நாட்கள் இன்னொரு பக்கம். மருந்து காரணம் என்றால் நோய் அந்த மூன்று வாரத்தில் குவிய வேண்டும். வயதுக்கு வயது நோய் வரும் வேகம் மாறுவதையும் கழித்துவிட்டுப் பார்த்தார்கள். அப்படிக் குவியவில்லை, மருந்துக்கும் குடல் செருகலுக்கும் தொடர்பு காணவில்லை என்று 2020இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். குழந்தைக்குக் குழந்தையே ஒப்பீடு என்பதால் ஏழை வீடு, பணக்கார வீடு, ஆம்பூர், ஆக்ரா என்ற வித்தியாசமெல்லாம் கணக்கிலிருந்து உதிர்ந்துவிடும். பாடி ஃபாரிங்டன் என்பவர் 1995இல் தடுப்பூசிகளுக்காகவே உருவாக்கிக் கொடுத்த முறை இது. பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் நான் ஒரு வகுப்பு இதற்காகத் திருடிக்கொள்வதுண்டு. இந்த முடிவுக்கும் ஓர் இடைவெளி உண்டு, லட்சத்தில் ஒன்று இருந்தால் இதுவும் பார்க்காது. ஆனால் எட்டுப் பேர் பேசாத இடத்தில் 589 பேர் பேசுகிறார்கள். உன் சகலையின் செய்தி 2014லேயே நின்றுவிட்டது.

இன்னொரு தட்டில் இருப்பதையும் வை. இந்த மருந்து திட்டத்துக்கு வருமுன் நம் நாட்டில் ரோட்டா கிருமியால் வருஷத்துக்கு ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 78,000 குழந்தைகள் இறந்தார்கள், 8.7 லட்சம் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

என் பாப்பாவாக இருந்தால் கொடுப்பேன். ஆறாவது, பத்தாவது, பதினாலாவது வாரம், பெண்டாவேலன்ட் ஊசி போடும் அதே நாட்களில். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை. எந்த நிறுவனத்து மருந்து என்று நர்ஸம்மாவைக் கேட்டு அட்டையில் எழுதிக்கொள். அரசுத் திட்டத்தில் புனே சீரம் நிறுவனத்தின் மருந்தும் சில இடங்களில் உண்டு, நான் மேலே எழுதியதெல்லாம் ரோட்டாவாக்குக்கு மட்டும்தான். மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் முதல் வருஷம் முழுக்க ஒன்றைக் கவனியுங்கள். விட்டுவிட்டுக் காலை மடக்கி வீறிட்டு அழுவது, இடையில் துவண்டு கிடப்பது, திரும்பத் திரும்ப வாந்தி, ஜெல்லி மாதிரி ரத்தம் கலந்த மலம். இதில் எது வந்தாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதே. குழந்தை அறுவை மருத்துவர் இருக்கிற இடத்துக்கு நேராகப் போய்விடு. சீக்கிரம் போனால் பெரும்பாலும் கத்தி வைக்காமலே சரி செய்துவிடுவார்கள்.

மல்லிகாவுக்கு இதில் கேள்வி இருந்தால் அவளையே எனக்கு போன் பண்ணச் சொல், நடுவில் நீ மொழிபெயர்க்க வேண்டாம். ராத்திரி எட்டரைக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அக்கா